ஏழாம் அறையில் இடிக்கும் சத்தம்

கொனாடு தன் முப்பத்தோரு வயதுக்குள் செய்த ஒரே ரகசியக் காரியம், தொம் தொம்மென்று சத்தம் போடுகிற காரியம். அதை, பதினோரு அறைகளுக்கு ஒரே முற்றம் உள்ள வீட்டில் இருந்துகொண்டு மறைத்தாள். மறைத்தாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. எல்லோருக்கும் கேட்டது. கேட்ட எல்லோரும் அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார்கள். அர்த்தம்தான் தப்பு.

எங்கள் வீடு குமாசி நகரத்தில், டாஃபோ என்கிற பகுதியில் இருக்கிறது. மாமே டூஃபியேவின் வீடு; மாமே என்பது எங்கள் ஊரில் வயதில் மூத்தவளைக் கூப்பிடும் மரியாதை. வாடகை வாங்கும் நாளில் "என் வீடு" என்பாள். கூரை ஒழுகும் நாளில் "இது எங்க தாய்வழிச் சொத்து, நான் ஒருத்தி என்ன பண்ணமுடியும்" என்பாள். இரண்டும் உண்மை. வயது அறுபத்தெட்டு. காது மட்டும் இருபது வயதுக் காது.

நான் நாலாம் அறை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் நான் "டீச்சர்", அதனால் எதையும் முதலில் எனக்குச் சொல்வார்கள், எதையும் என்னிடம் கேட்கமாட்டார்கள். ஏழாம் அறையில் கொனாடுவும் ஒடூரோவும். ஒடூரோ டார்க்வாவில் தங்கச் சுரங்கத்தில் வேலை. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வருவான், ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுவான். கொனாடு தையற்காரி. வாசல் கேட்டை ஒட்டி, பழைய கப்பல் சரக்குப் பெட்டகத்தில் கதவு வெட்டி வைத்த கடை. டாஃபோவில் ஒருவர் இறந்தால் பாதிரியாருக்கு அடுத்தபடி அவளுக்குத்தான் தகவல் வரும். எங்கள் ஊரில் சாவுச் சடங்கு சனிக்கிழமைதான், அதற்குள் எல்லோருக்கும் கறுப்பிலும் சிவப்பிலும் உடுப்பு தைத்தாக வேண்டுமே. காலை ஏழு மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் ஐந்து மணிக்குத்தான் எழுவாள். ஊரெல்லாம் நாலு பேர் மெச்சும்படி நடந்துபோவதற்காக, இவள் ஒரு நாள் முழுக்க நடக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

பதினேழு வயதிலிருந்தே அவளுக்கு மாதவிடாய் தேதி பார்த்து வந்ததில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும், நாலு மாதத்துக்கு ஒரு முறை வரும். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் எட்டு மாதம் வரவே இல்லை. கர்ப்பமும் இல்லை. முகவாயில் நாலைந்து கறுப்பு முடி முளைத்தது, கத்தரிக்கோல் வைத்திருப்பவளுக்கு அது ஒரு வேலையா என்று வெட்டி எறிந்தாள். கழுத்துப் பின்புறம் கறுத்தது, காலர் வைத்துத் தைத்துக்கொண்டாள். எட்டாம் மாதம் நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பும்போது ஞாபகமாக இரண்டு உருண்டை நூலும் வாங்கி வந்தாள்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொன்னார். கட்டி என்று பெயர், ஆனால் கட்டி அல்ல. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன கருமுட்டைகள் என்றார். இதைக் கொனாடு பின்னால் என்னிடம் இப்படிச் சொன்னாள்: "வெட்டி, பிடிப்புக்கு டாக்காத் தையல் மட்டும் போட்டு, பாதியிலே விட்ட ஜாக்கெட் மாதிரி டீச்சர். உள்ளே ஒரு கூடை கிடக்காம். ஒண்ணையும் முடிக்கலையாம். நான் ஒரு துணியைக்கூட அப்படி விட்டதில்ல, தெரியுமா?"

பத்து நாள் மாத்திரை கொடுத்தார். மாதவிடாய் வந்தது. சந்தோஷமாகத் திரும்பிப் போனவளிடம் டாக்டர், "இது மாத்திரையால வந்தது. தானா வரணும். அதுதான் கணக்கு" என்றார். கொனாடுவுக்குச் சுருக்கென்றது. அடுத்தவள் உடுப்பைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய், அதை நாலு பேர் பார்த்து மெச்சியது மாதிரி இருந்ததாம்.

"தானா வர நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"தினம் அரை மணி நேரம் உடம்பு அசையணும். வாரத்துக்கு அஞ்சு நாள். நாலு மாசம் விடாம செஞ்சு பாருங்க. சத்தியம் பண்ணிச் சொல்லமாட்டேன். சில பேருக்கு வருது. வரலைன்னா மாத்திரை இருக்கு, பயப்படாதீங்க."

அடுத்த அறையில் பயிற்சி சொல்லித் தரும் நர்ஸ் ஒருத்தி, குச்சி குச்சியாக மனிதர் படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தாள். முதல் ஐந்து நிமிஷம் நின்ற இடத்திலேயே நடை. பிறகு பக்கவாட்டில் இரண்டு எட்டு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். முழங்காலை இடுப்புவரை தூக்குவது. தாழ்வான படி ஒன்றில் ஏறி இறங்குவது. கையைத் தலைக்கு மேலே. கடைசி மூன்று நிமிஷம் மெதுவாக நடந்து மூச்சை இறக்குவது. எவ்வளவு வேகம் என்று கேட்டதற்கு நர்ஸ் சொன்ன அளவு கொனாடுவுக்குப் பிடித்துப்போயிற்று: "பேச முடியணும். பாட முடியக்கூடாது."

இதைச் செய்ய ஜிம் வேண்டாம், வீடு போதும் என்றும் நர்ஸ் சொன்னாள். அந்த நர்ஸ் பொது முற்றம் உள்ள வீட்டில் வாழ்ந்தவள் இல்லை.

ஏனென்றால், மாமே டூஃபியேவுக்குத் தெரிந்தால் மாலைக்குள் டாஃபோவுக்குத் தெரியும். சர்ச்சுப் பெண்கள் எட்டுப் பேர் வந்து தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு வேரைக் காய்ச்சிக் கொண்டுவருவாள். டெச்சிமானிலிருந்து மாமியார் பெட்டியோடு வந்து இறங்குவாள், பெட்டியின் அளவைப் பார்த்தாலே எத்தனை மாதம் என்று தெரியும். ஒடூரோவிடமாவது சொல்லலாமே என்றால், ஒடூரோ தங்கமானவன், அவனுக்கு இருந்த ஒரே குறை அவன் காதில் விழுந்தது எதுவும் அடுத்த போன் அழைப்பில் அவன் அம்மா காதில் விழுந்துவிடும் என்பதுதான். இதற்கெல்லாம் மேலே, எங்கள் ஊரில் ஒருத்தி இளைத்தால் இரண்டே காரணம். ஒன்று, நோய். இல்லையென்றால், புருஷன் சோறு போடுவதில்லை. வேண்டுமென்றே இளைக்கிறாள் என்பது மூன்றாவது காரணமாக இன்னும் பதிவாகவில்லை.

ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். புத்திசாலித்தனமான வழி. வினையே அதுதான்.

மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் முற்றத்தில் ஃபுஃபு இடிப்பார்கள். வெந்த மரவள்ளியையும் வாழைக்காயையும் உரலில் போட்டு, ஒருவர் நின்று உலக்கையால் இடிக்க, மற்றவர் கீழே உட்கார்ந்து ஈரக்கையால் மாவைப் புரட்டிக்கொடுக்க வேண்டும். உலக்கை மேலே போகிற நேரத்துக்குள் கை உள்ளே போய் வெளியே வந்துவிட வேண்டும். வீட்டில் நாலு உரல். பெரிய உரல் மாமேயுடையது. அதில் இடிப்பவன் இரண்டாம் அறை ஒப்போங், டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன், கல்யாணமாகாதவன். இடித்துக் கொடுத்துவிட்டு அங்கேயே சாப்பிட்டுவிடுவான். புரட்டுகிறவள் மாமேயின் கடைசி மகள் பிராகோ. ஒப்போங் உலக்கை போட்டால் கடிகாரம் மாதிரி. எதிர்ச்சந்தில் இருப்பவர்கள்கூட அதைக் கேட்டுத்தான் சூப்பை இறக்குவார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் தன் சத்தத்தை ஒளித்துக்கொண்டாள் கொனாடு. கடையில், பாவாடை விளிம்பை அளந்து குண்டூசி குத்துவதற்காக வாடிக்கையாளரை ஏற்றி நிறுத்தும் ஒரு மரப்பெட்டி உண்டு, ஒரு சாண் உயரம். அதை அறைக்குக் கொண்டுவந்தாள். கதவைத் தாழிட்டாள். ஒடூரோவின் பழைய கால்பந்துச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். ஒப்போங்கின் உலக்கை விழும்போது இவள் பெட்டிமேல் ஏறுவாள், அடுத்த இடிக்கு இறங்குவாள். பாட்டுப் போடவில்லை. பாட்டு எதற்கு? தாளம் இலவசமாக ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது.

முதல் நாள் ஒன்பது நிமிஷம். பத்தாவது நிமிஷம் சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்து, உத்தரத்திலிருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வாரம் பதினைந்து. முழங்கால் வலித்தது, கால்பந்துச் சட்டை ஒரு வாரத்தில் மூன்று முறை சோப்புக் கண்டது. ஐந்தாம் வாரம் அரை மணி. அந்த வாரம் கடைக்கு வந்த ஒருத்திக்குக் கணுக்கால்வரை குண்டூசி குத்திவிட்டுத் தரையில் கையூன்றாமல் எழுந்தாள், எழுந்த பிறகுதான் அதைக் கவனித்தாள். யாரிடமும் சொல்ல முடியாத பெருமை என்று ஒன்று உண்டு. அது ஜீரணமாகக் கொஞ்சம் நேரமாகும்.

ஒரே ஒரு தவறு. அரை மணியை எட்டிய பிறகு, முற்றத்தில் இடித்து முடித்து உலக்கையைச் சாத்திய பின்பும் ஏழாம் அறையில் பத்து நிமிஷம் சத்தம் நீண்டது.

மாமே டூஃபியே உருண்டையை உருட்டிச் சூப்பில் போட்டவள், அப்படியே கையை நிறுத்தினாள்.

"ஒப்போங், கேக்குதா?"

"கேக்குது மாமே."

"எங்கே?"

"ஏழுல. உள்ளே வச்சு இடிக்கிறாங்க."

அதிர்ச்சி இடித்ததில் இல்லை. உள்ளே வைத்து இடித்ததில்தான். எங்கள் வீட்டில் யார் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாலும், கடந்துபோகிறவரைப் பார்த்து "வாங்க, கை நனைங்க" என்று கூப்பிட வேண்டும். கடந்துபோகிறவர் "ஆச்சு, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். யாரும் கை நனைப்பதில்லை. ஆனால் கூப்பிடாமல் இருப்பது பாவம். கதவைத் தாழிட்டு ஃபுஃபு இடிப்பவள், கூப்பிட மனசில்லாதவள்.

"தையல்ல நல்லா வருது போல," என்றாள் மாமே. "நம்ம கண்ணு படக்கூடாதுன்னு உள்ளே வச்சுத் திங்கிறா."

"ஆனா அம்மா, ஆள் இளைச்சுல்ல போயிருக்காங்க," என்றாள் பிராகோ.

"கஞ்சத்தனம் பண்ணித் தின்னா உடம்புல ஒட்டுமாடி?"

நான் சும்மா இருந்திருக்கலாம். படித்தவர்களுக்கு அது கஷ்டம். "குப்பைக்கூடையிலே மரவள்ளித் தோலையே காணோமே மாமே?" என்று கேட்டேன். சந்தேகத்தைத் தீர்க்கத்தான் கேட்டேன். மாமே ஒரு கணம் யோசித்தாள். "தோலையும் சேத்து இடிக்கிறா" என்றாள்.

கஞ்சத்தனத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. எட்டாம் வாரம், சாப்பிட்டு முடித்துப் பல்குத்திக்கொண்டிருந்த ஒப்போங், தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி கேட்டுவிட்டான்.

"ஒண்ணு புரியல மாமே. இடிக்கிறது அவங்க. சரி. புரட்டுறது யாரு?"

ஃபுஃபுவை ஒருவராக இடிக்கலாம் என்று வாதத்துக்குச் சொல்லலாம். இப்படி நிறுத்தாமல், தடுமாறாமல், அரை மணி நேரம் ஒரே சீராக இடிக்க முடியாது. கீழே ஒரு கை வேண்டும். நல்ல கை. பழகிய கை.

மாமே விரலை மடக்கினாள். "சனிக்கிழமை இடிக்கிறாளா?"

"இல்ல."

"ஞாயித்துக்கிழமை?"

"ஊரே ஃபுஃபு திங்கிற நாள். ஏழுல மட்டும் இடியே இல்ல."

"திங்கள்லேருந்து வெள்ளிவரைக்கும்?"

"ஒரு நாள் தப்பாது."

"அப்ப, புருஷன் வர்ற நாள்ல உலக்கை தூங்குது. புருஷன் பஸ் ஏறினா முழிச்சுக்குது." மாமே எழுந்து கை கழுவினாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற எவனோ ஒருத்தன்."

நர்ஸ் ஐந்து நாள் என்று சொன்னதையும், அந்த ஐந்தைக் கொனாடு ஒடூரோ இல்லாத நாட்களாகப் பார்த்துப் பொறுக்கியதையும் அறியாதவர்களுக்கு, இது அசைக்க முடியாத சாட்சியம். பாடப் புத்தகங்களில் இதைவிடக் குறைந்த சாட்சியத்தை வைத்து அரசர்களைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறோம்.

பதினோராம் வாரம் மாமே டார்க்வாவுக்குப் போன் செய்தாள். அதிகம் பேசவில்லை. "ஒடூரோ, உன் பெண்டாட்டி அறையிலே யாரோ புரட்டுறாங்க" என்றாள். குமாசியில் அது போதும்.

புதன்கிழமை ஐந்தேமுக்காலுக்கு ஒடூரோ கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். சுரங்கத்துச் சட்டையைக்கூட மாற்றவில்லை, முதுகில் மஞ்சள் பட்டை மின்னியது. ஒப்போங் இடித்துக்கொண்டிருந்தான். ஏழாம் அறைக்குள்ளிருந்தும் அதே தாளத்தில் தொம், தொம். ஒடூரோ நடுமுற்றத்தில் நின்றுவிட்டான். மாமே அவன் கையைப் பிடித்து அழைத்துப் போனாள், பின்னால் வீடு போயிற்று. நான் போகவில்லை என்று எழுத ஆசை. கதவுக்கு இரண்டடி தூரத்தில் நின்றேன்.

"கொனாடு! கதவைத் திற!"

உள்ளே சத்தம் நின்றது. தாழ்ப்பாள் விலகியது. கொனாடு நின்றாள். தலையில் துணி இறுக்கிக் கட்டி, முழங்காலுக்கு மேலே ஏறிய கால்சட்டை, ஒடூரோவின் பெயர் முதுகில் எழுதிய சட்டை, முகத்திலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

மாமே அவளைத் தாண்டி உள்ளே போனாள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயதில் அவ்வளவு சுறுசுறுப்பாக அவளை நான் பார்த்ததில்லை.

"ஆள் எங்கே?"

"எந்த ஆள் மாமே?"

"புரட்டுறவன்."

"என்னத்தைப் புரட்டுறவன்?"

"உரலு எங்கேடி? உலக்கை எங்கே? ஆறு வாரமா இடிக்கிறியே!"

கொனாடுவுக்கு அப்போதுதான் புரிந்தது. சிரிப்பு வந்தது, மூச்சு வாங்கியதால் சிரிக்க முடியவில்லை. மரப்பெட்டியைக் காலால் தட்டிக் காட்டினாள். "இதுதான் உரலு. இடிக்கிறது நான். இடிபடுறதும் நான்தான் மாமே. வேற ஆள் எல்லாம் இல்ல."

ஒடூரோ பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "என்ன பண்றே நீ?"

ஒரு பொய் சுலபமாகக் கிடைத்தது அங்கே. மாமேயே எடுத்துக் கொடுத்தாள்: "இளைக்கிறதுக்காடி குதிக்கிறே? டவுன்காரிங்க மாதிரி?" ஆமாம் என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் கேலியோடு முடிந்திருக்கும். நிஜத்தைச் சொன்னால் எட்டுப் பேர் ஜெபம், எட்டு வேர், டெச்சிமான் பெட்டி. நாலு மாதத்தில் பதினோரு வாரம் ஆகியிருந்தது; ஒன்றும் இன்னும் வரவில்லை. அரைகுறையாகக் கிடக்கும் ஒரு காரியத்தை அவள் எல்லோருக்கும் முன்னால் விரித்துக் காட்ட வேண்டும்.

கொனாடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி இருக்கு," என்றாள். "முடிச்சுட்டுச் சொல்றேன். நிக்கிறவங்க நில்லுங்க, உக்கார்றவங்க உக்காருங்க." பிறகு எங்கள் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அண்ணே, ஒப்போங் அண்ணே! நீங்க ஏன் இங்கே நிக்கிறீங்க? தாளம் நின்னுபோச்சு. போய் இடிங்க."

ஒப்போங் சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் வேண்டாம் என்று சொல்லாததால் போனான். உரலில் புரட்டிக் கொடுக்க ஆளில்லை. மாவை ஒதுக்கிவிட்டு, உரல் விளிம்பில் உலக்கையைப் போட ஆரம்பித்தான்.

கதவு திறந்திருந்தது. வீடு மொத்தமும் வாசலில் நின்றது. கொனாடு பெட்டிமேல் ஏறினாள், இறங்கினாள். வலது கால், இடது கால். முழங்கால் இடுப்புவரை வந்தது. கைகள் மேலே போயின. பெரிய உடம்பு, அது எங்கள் ஊரில் குறையே அல்ல; ஆனால் அந்தப் பெரிய உடம்பு அவ்வளவு லேசாக மேலே போய் அவ்வளவு சொன்னபடி கேட்டுக் கீழே வருவதை நாங்கள் பார்த்ததில்லை. முதல் நிமிஷம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாம் நிமிஷம் சிரிப்பு இல்லை. ஐந்தாம் நிமிஷம் பிராகோவின் குதிகால் தன்னை அறியாமல் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. கடைசி மூன்று நிமிஷம் அறைக்குள்ளேயே மெதுவாக நடந்தாள். எட்டு நிமிஷத்துக்கு ஒரு நொடி குறையாமல் செய்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

சொன்னாள். எட்டு மாதம் வராதது, ஸ்கேன், நீர்க்கட்டி, மாத்திரையால் வந்தது, தானாக வரவேண்டியது. தையல் சொல்லித் தருகிற குரலில், வரிசையாக, ஒன்றைக்கூட விடாமல் சொன்னாள்.

ஒடூரோ வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட சொன்னா உங்க அம்மாகிட்ட சொன்ன மாதிரி."

வீடு சிரித்தது. ஒடூரோ மறுக்கவில்லை. நேர்மையானவன்.

"இதையும் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தான். "சொல்லுவேன். என் பெண்டாட்டி அரை மணி நேரம் நிக்காம ஏறி இறங்குறான்னு சொல்லுவேன். நான் சுரங்கத்துல ஏணி ஏறினா பத்தாவது நிமிஷம் உக்காந்துடுறேன்."

"மத்ததை?"

"மத்தது உன்னுது. நீ சொல்லும்போது சொல்லு."

மாமே டூஃபியே தொண்டையைச் செருமினாள். "நான் அப்பவே சொன்னேன்," என்றாள். "இது ஃபுஃபு சத்தம் மாதிரி இல்லையேன்னு." நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். வாடகைக்கு இருப்பவர்கள்.

ஜெபமும் வேரும் வராமலில்லை. வந்தன. ஆனால் எதிர்பார்த்த அளவில் வரவில்லை; எட்டு நிமிஷம் பார்த்தவர்களுக்கு அவளைப் பரிதாபமாகப் பார்க்க வரவில்லை, பரிதாபம் இல்லாமல் வேர் காய்ச்சுவது சிரமம். கொனாடு வேர்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஜன்னலோரச் செடிக்கு ஊற்றினாள். செடி நன்றாகத்தான் வளர்ந்தது.

மறுநாள் மாலை பெரிய உரலுக்கு முன்னால் ஒப்போங் உலக்கையோடு நின்றான், கீழே முக்காலி காலியாக இருந்தது.

"பிராகோ! மாவு ஆறுதுடி!" என்று மாமே கூப்பிட்டாள்.

பிராகோ ஏழாம் அறை வாசலில் நின்றாள். "நான் இன்னிக்குப் புரட்டலம்மா."

"ஏன்?"

பிராகோவுக்கு இருபத்துநாலு வயது. முற்றத்து நடுவே, அம்மாவைப் பார்த்து, கொனாடு முந்தின நாள் சொன்ன அதே குரலில் சொல்லிப் பார்த்தாள்; பாதிவரை வந்தது. "எனக்கும் நாலு மாசத்துக்கு ஒருவாட்டிதான்."

"எங்க குடும்பத்துல அப்படியெல்லாம் யாருக்கும் கிடையாது!"

"அண்ணனுக்கும் எனக்கும் நடுவுல ஒம்பது வருஷம் ஆச்சுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"அது வேற," என்றாள் மாமே. கொஞ்ச நேரம் கழித்து அவளே முக்காலியில் உட்கார்ந்து, கையை நனைத்து, மாவைப் புரட்ட ஆரம்பித்தாள். இருபது வருஷமாகச் செய்யாத வேலை. கை மறக்கவில்லை.

கொனாடு பிராகோவை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. உனக்கு என்னன்னு அவங்க சொல்லட்டும். என் அளவுக்கு வெட்டின துணியை நீ போட்டுக்காதே" என்று அனுப்பினாள். பிராகோ போய்வந்தாள், தன் பெயர் எழுதிய தாளோடு. மரப்பெட்டி முற்றத்துக்கு வந்தது. இரண்டாவது பெட்டியை ஒடூரோ அடுத்த சனிக்கிழமை சுரங்கத்துப் பலகையில் அடித்துக் கொண்டுவந்தான், ஒரு பக்கம் கொஞ்சம் சாய்வாக. ஒப்போங் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்: "ஏழாம் ரூமுக்கு வைத்தியம் பண்றது டாக்டர் பாதி, நான் பாதி."

பதினாலாம் வாரம் கொனாடு எடை பார்த்தாள். நாலே கிலோ குறைந்திருந்தது. ஆத்திரம் வந்தது. பதினாலு வாரத்தில் ஒரு ஆட்டுக்குட்டி இதைவிட அதிகம் மாறும் என்றாள் என்னிடம். நர்ஸ் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்து, இடுப்பை அளந்து, நன்றாகப் போகிறது, எடையைக் கும்பிடாதீர்கள் என்று அனுப்பிவைத்தாள். அளவு நாடாவை நம்பிப் பிழைப்பவள் என்பதால், இடுப்பளவில் கொனாடு கொஞ்சம் சமாதானமானாள். அன்று மாலையும் ஏறி இறங்கினாள், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு.

பதினைந்தாம் வாரம், வியாழக்கிழமை காலை. முற்றத்தில் குழாயடியில் வாளிகள் வரிசையில் நின்றன. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். குளியலறைக் கதவு திறந்து கொனாடு வெளியே வந்தாள், தண்ணீர் சொட்டச் சொட்ட, மார்புக்கு மேலே துணியைச் சுற்றிக்கொண்டு. பரீட்சை முடிவுப் பலகையைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் நிற்பார்களே, அப்படி நின்றாள்.

"வந்துடுச்சு," என்றாள்.

யாரும் எது என்று கேட்கவில்லை. பதினோரு அறைகளில் இருந்தவர்களும் அதற்குத்தான் காத்திருந்தோம் போலும். ஒப்போங் மட்டும் "யாரு?" என்றான். பிராகோ அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

மாமே டூஃபியே உள்ளே போனாள். அரை மணியில் திரும்பி வந்தாள். பெருவள்ளிக் கிழங்கை மசித்து, செம்பனை எண்ணெயில் பிரட்டி, மேலே அவித்த முட்டை வைத்த ஒரு கிண்ணம். முன்னெல்லாம் எங்கள் பக்கத்தில் பெண் வயசுக்கு வந்தால் வீட்டுப் பெண்கள் வெள்ளை உடுத்தி, தெருவறியப் பாடி, இதைத்தான் ஊட்டுவார்கள். இப்போது யாரும் செய்வதில்லை. வயசுக்கு வருகிற பெண் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம்கூட மெதுவாகச் சொல்கிறாள்.

"முப்பத்தோரு வயசுல எனக்கு இது எதுக்கு மாமே?" என்றாள் கொனாடு. கண் மட்டும் கிண்ணத்தை விட்டு நகரவில்லை.

"பதிமூணு வயசுல அது சும்மா வந்தது. யாரு கேட்டா? இது நீ உழைச்சு வரவழைச்சது. வாயைத் திற."

ஒரு முறை வந்தது சாதனையா, தற்செயலா என்று டாக்டரே உறுதி சொல்லமாட்டார். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. கொனாடுவுக்கும் தெரியும் இது. ஆனால் அன்று அவள் டார்க்வாவுக்குப் போன் செய்தாள். அது முடிந்ததும், யாரும் சொல்லாமலே, டெச்சிமானுக்குச் செய்தாள். மாமியாரிடம் தானே எல்லாவற்றையும் சொன்னாள், முதலிலிருந்து, டாக்காவும் ஜாக்கெட்டும் உட்பட. பிறகு கடையைத் திறந்தாள். அன்று வந்த ஒவ்வொரு வாடிக்கைக்காரியிடமும், குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அடிவயிறு இழுத்துப் பிடிச்சு வலிக்குது, இடுப்பு விட்டுப்போகுது என்று சொன்னாள். புகாராகச் சொல்லவில்லை. பட்டம் வாங்கிய அன்று, அங்கி எவ்வளவு கனம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்களே, அந்த மாதிரி.